திருட்டு வாட்ச் என்று தெரியாமல் வாங்கி விற்றுவிட்டேன். என்மேல் கேஸ் வருமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். தனியார் கம்பெனி வேலை. இரண்டு வருடமாகப் பழைய வெளிநாட்டு வாட்ச்களை வாங்கி விற்று வருகிறேன். ஜங்ஷன் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், "கல்ஃப்ல இருந்து வந்த ஆளு, அவசரத்துக்கு விக்காரு" என்று சொல்லி ஒரு ஒமேகா சீமாஸ்டரைக் காட்டினார். 2,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் 1,50,000 அண்ணாச்சி கையில் ரொக்கம். 90,000 அவர் கொடுத்த நம்பருக்கு ஜிபே. டப்பா, கார்டு, பில் எதுவும் இல்லை. விற்றவரை நான் பார்க்கவே இல்லை. பிறகு கோயம்புத்தூரில் ஒருவருக்கு 2,85,000-க்கு விற்றேன். இப்போது தென்காசிப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போன்: "அது ஒரு வீட்டுல களவு போன வாட்ச். எடுத்துட்டு வந்து குடுத்துட்டுப் போ, இல்லன்னா ஒன்னையும் கேஸ்ல சேத்துருவோம்." கோவைக்காரருக்கும் விஷயம் தெரிந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். அவரிடமிருந்து வாட்ச்சை வாங்கி அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா? நான் இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: தம்பி, வாட்ச் கோயம்புத்தூரிலேயே இருக்கட்டும். அதை வாங்கி அண்ணாச்சியிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்த வரிதான். இதுவரை நீங்கள் விவரம் தெரியாமல் பொருள் வாங்கி ஏமாந்தவர். களவுப் பொருள் என்று போலீஸ் சொன்ன பிறகு அதை மறைக்கவோ கைமாற்றவோ கைகொடுத்தால், புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 317(5)-ன்படி அதுவே தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அண்ணாச்சியோடு நடந்த வாட்ஸ்ஆப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். பயத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான். உங்களைக் காப்பாற்றப் போகிற சாட்சியம் அந்த போனுக்குள் இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போகாமல் ஒளியவும் வேண்டாம், வாய்ப்பேச்சை நம்பித் தனியாகப் போகவும் வேண்டாம். எந்த வழக்கு, குற்ற எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தால் வக்கீலோடு வந்து ஆஜராகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்படும் நபரை அழைப்பதற்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ல் 35(3) நோட்டீஸ் இருக்கிறது. அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டி வீம்பு பிடிக்காதீர்கள். கேட்டதும் நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் போய் நில்லுங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு வருகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

அதற்குள் எஃப்ஐஆர் நகலை எடுத்துவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பெரும்பாலான எஃப்ஐஆர் கிடைக்கும். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, வாட்ச்சின் வரிசை எண். சீமாஸ்டர் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வரும் வாட்ச். "அதே நீல டயல், அதே சைஸ்" என்பதெல்லாம் அடையாளம் ஆகாது. ஒமேகாவில் எண் பெரும்பாலும் பட்டை கோக்கும் லக்கின் அடிப்பக்கம் அல்லது பின்மூடியில் பொறித்திருக்கும். விற்கும்போது நீங்கள் எடுத்த படத்தில் அது தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் கோவைக்காரரிடம் படம் கேளுங்கள். புகார் கொடுத்தவரின் கார்டில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றானால் மட்டுமே மேற்கொண்டு பேச்சு.

இரண்டாவது, எஃப்ஐஆர் எந்தப் பிரிவில் போடப்பட்டிருக்கிறது என்பது. வீட்டுத் திருட்டுக்கு பிஎன்எஸ் 305, வீடு புகுந்ததற்கு 331 என்று இருக்கிறதா, அல்லது ஏமாற்றியதற்கான 318 இருக்கிறதா? உங்கள் பணத்தின் கதியே இதில்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 27-ஆம் பிரிவுப்படி, தனக்கில்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆட்டுச் சந்தையில் நாலு பேர் பார்க்கக் காசு எண்ணிக் கொடுத்து வாங்கினாலும் களவு ஆடு களவு ஆடுதான். ஆட்டுக்காரர் வந்து நின்றால் கயிற்றைக் கையில் கொடுத்தாக வேண்டும். நீங்கள் நல்ல மனதோடு, நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் திருட்டு வாட்ச்சுக்கு நீங்கள் உரிமையாளர் ஆகவில்லை. கோவைக்காரரும் ஆகவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்காரர் தானே விரும்பி வாட்ச்சை ஒருவனுக்கு விற்று, அவன் பொய்யான பணப்பரிமாற்றப் படத்தைக் காட்டி ஏமாற்றியிருந்தால் கதை வேறு. ஏமாற்றி வாங்கியவனுக்கு ரத்தாகக்கூடிய உரிமையாவது கிடைத்துவிடுகிறது. வீட்டுக்காரர் அந்த விற்பனையை ரத்து செய்வதற்கு முன்பே, குறை எதுவும் அறியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு 29-ஆம் பிரிவின்கீழ் முழு உரிமை வந்துவிடும். இப்படிப்பட்ட வழக்கையும் பேச்சுவழக்கில் "களவு" என்றுதான் ஸ்டேஷனில் சொல்வார்கள். போனில் கேட்ட ஒரு சொல்லை நம்பி 2,85,000 ரூபாயை விட்டுக்கொடுக்காதீர்கள்.

திருட்டுதான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மேல் கேஸ் நிற்குமா? பிஎன்எஸ் 317(2)-ன்படி, திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவு, நீதிமன்றம்தான் தர வேண்டும். "நம்பக் காரணம் இருந்தும்" என்ற இடத்தில்தான் அரசுத் தரப்பு உங்களைப் பிடிக்கும். டப்பா இல்லை, பில் இல்லை, விற்றவர் முகம் தெரியாது, பெரும்பகுதி ரொக்கம். இரண்டு வருடம் இதே தொழிலில் இருக்கிறவருக்கு இது உறுத்தவில்லையா என்று கேட்பார்கள். களவு போன கொஞ்ச காலத்துக்குள் பொருள் ஒருவரிடம் இருந்தால், வந்த வழியை அவர் விளக்காதவரை திருடியவராகவோ தெரிந்தே வாங்கியவராகவோ ஊகிக்க புதிய சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. மறைத்துப் பேச இது நேரமில்லை என்பதால் உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கமும் கனமாகவே இருக்கிறது. சந்தை விலைக்கு நெருக்கமாகக் கொடுத்திருந்தால் அது பெரிய பலம். அதே மாடல் அந்த மாதத்தில் என்ன விலைக்குப் போனது என்று காட்டும் விளம்பரங்களைச் சேகரியுங்கள். கடை வைத்திருக்கும், ஊரறிந்த ஒருவர் மூலம் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பெயரில், சொந்த வங்கிக் கணக்கில், ஒளிவில்லாமல் விற்றிருக்கிறீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த 90,000 ரூபாய் ஜிபே. அது போய்ச் சேர்ந்த கணக்கு ஏதோ ஒரு மனிதருடையது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பரிமாற்ற எண்ணைச் சுற்றிக் காட்டி, இந்தக் கணக்கு யாருடையது என்று விசாரியுங்கள் என எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். விசாரணை அப்போது உங்களைத் தாண்டி அந்தக் கணக்குக்காரரிடம் போகும். போனில் இருக்கும் பேச்சு நீதிமன்றத்தில் ஏற வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

நோட்டீஸ் தராமல் மிரட்டல் தொடர்ந்தால் முன்ஜாமீன் கேட்க பிஎன்எஸ்எஸ் 482 இருக்கிறது. வழக்கு எந்த ஸ்டேஷனோ, அது அடங்கிய செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வாங்கியதையும் விற்றதையும் ஒப்புக்கொண்டு, ஆவணங்களை இணைத்து, ஒத்துழைக்கிறேன் என்று சொல்லும் மனு நன்றாக நிற்கும். நான் வாங்கவே இல்லை என்று தொடங்கும் மனு ஜிபே பதிவு வந்ததும் படுத்துவிடும்.

வாட்ச்சை ஒப்படைப்பது எப்படி? "குடுத்துட்டுப் போ" என்பது சட்டம் அறியாத முறை. போலீஸ் பிஎன்எஸ்எஸ் 106-ன்கீழ் கைப்பற்றட்டும். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. கைப்பற்றியதை எழுதும் மகஜரில் பிராண்ட், மாடல், வரிசை எண், கண்ணாடியில் கீறல் இருந்தால் அதுவரை எழுதி, நகல் வாங்க வேண்டும். வாட்ச் இருப்பது கோவைக்காரரிடம் என்பதால் அவர் வீட்டிலோ அவர் முன்னிலையிலோ இது நடப்பது நல்லது. காகிதம் இல்லாமல் கொடுத்த பொருள் பிறகு எங்கே போனது என்று யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரிடம் இடைக்காலத்தில் ஒப்படைப்பது என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். அசல் பில்லோடு வரும் வீட்டுக்காரருக்கே பெரும்பாலும் போகும்.

கோவைக்காரரின் பணம். எண்ணும் ஒத்து, திருட்டு என்பதும் உறுதியாகி, மகஜரும் போட்டாகிவிட்டால், 2,85,000-ஐயும் நீங்கள் திருப்பித் தர வேண்டியதுதான். விற்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு விற்பனையிலும் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் அடங்கியிருக்கிறது. சில வாரம் கட்டியிருந்தாரே, அதைக் கழிக்கலாமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 1923-ல் தீர்ப்பான ரோலண்ட் எதிர் டிவால் வழக்கில், திருட்டுக் காரைச் சில மாதம் ஓட்டியவருக்கும் முழு விலையும் கிடைத்தது. நம் சட்டத்தின் அடிப்படையும் அதே கோட்பாடுதான். அவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள், உங்களைவிட அவர் நிரபராதி. அவர் உங்களை வியாபாரி என்று காட்டி, தன் ஊரான கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தவணையில் தருவதானாலும் எழுதிக் கையெழுத்து வாங்கி, வங்கி மூலம் மட்டும் கொடுங்கள். அதுவரை அந்தப் பணத்தை வேறு வாட்ச்சில் போடாதீர்கள்.

நீங்களோ நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. மறுவிற்பனைக்காக வாங்கியவர் 2019 சட்டப்படி நுகர்வோர் இல்லை. உங்களுக்கு இருப்பது சிவில் வழக்கு, அதுவும் அண்ணாச்சி மேல். "நான் வெறும் தரகுதான்" என்பார். யாருக்காக விற்கிறேன் என்று பெயர் சொல்லாத தரகர் தானே பொறுப்பாளி என்று ஊகிக்க ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அவர் "கல்ஃப் ஆளு" என்றாரே தவிர பெயர் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன் இப்போதே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். திருடன் பிடிபடும்போது அவனிடம் பணம் எடுக்கப்பட்டு, பிறகு தண்டனையும் ஆனால், விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு அந்தப் பணத்திலிருந்து கொடுக்கச் சொல்ல பிஎன்எஸ்எஸ் 499-ல் இடமுண்டு. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தொழிலை விட வேண்டியதில்லை. முறையாக வாங்கிய அசல் வாட்ச்சை மறுபடி விற்பது சட்டப்படியான வியாபாரம். டயலை மாற்றி, வெளியே கல் பதித்து, "கம்பெனி அசல்" என்று விற்றால்தான் வர்த்தகச் சின்னச் சட்டத்தில் மாட்டுவீர்கள். ஆனால் நம் ஊர்ச் சந்தைக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். திருவனந்தபுரம், மதுரை வழியாக ஊருக்கு வரும் ரேடோவும் ஒமேகாவும்தான் இங்கே கைமாறுகின்றன. சுங்கச் சட்டம், 1962-ன் 123-ஆம் பிரிவில் தங்கத்துக்கு அடுத்தபடியாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும் பொருள் வாட்ச். கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரி கைப்பற்றிவிட்டால், கடத்தல் இல்லை என்று நிரூபிக்கும் சுமை வாட்ச்சை வைத்திருந்தவர் தலையில். அங்கே வாங்கிய பில், விமான நிலையத்தில் தீர்வை கட்டியிருந்தால் அந்த ரசீது, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: இது உங்களுக்குத் தொழில் வருமானம், கணக்கில் காட்டுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ விற்றால் விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பழைய பொருளுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இனி விற்பவரை நேரில் பார்க்காமல், அவர் பெயரில் உள்ள கணக்குக்கே பணம் அனுப்பாமல் எதையும் வாங்காதீர்கள். அடையாள அட்டை நகலின் பின்னால் அவர் கைப்படவே இப்படி எழுதி வாங்குங்கள்:

"இன்னார் மகன்/மகள், இந்த முகவரியில் வசிக்கும் நான், இந்த வரிசை எண் கொண்ட வாட்ச்சின் முழு உரிமையாளர். இது இந்த ஆண்டில், இந்த இடத்தில் வாங்கியது. இது திருட்டுப் பொருளோ, அடகில் உள்ளதோ, தீர்வை கட்டாமல் கொண்டுவந்ததோ அல்ல. இன்று இந்தத் தொகையை என் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொண்டு விற்கிறேன். இதன் உரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் முழுத் தொகையையும் செலவுடன் திருப்பித் தருகிறேன்."

கீழே கையெழுத்து, தேதி, போன் நம்பர். வாட்ச்சைக் கையில் பிடித்தபடி அவரை ஒரு படம். எழுதித் தர மறுக்கிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.