பெஞ்சுக்கு ஒரு போன் போதும்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முதலாண்டில் 58 பேர். கேள்வி கேட்டால் முன்பெஞ்சில் நாலு பேர்தான் வாய் திறக்கிறார்கள். மாணவர்களின் செல்போனிலேயே வாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் வகுப்பில் போன் கூடாது என்பது எங்கள் கல்லூரி விதி. சிலரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, பலருக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கும். துறைத்தலைவர் “வேண்டாத வேலை” என்கிறார். ஆரம்பிக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத விரிவுரையாளர்

பதில்: ஆரம்பியுங்கள் மேடம். ஆளுக்கொரு போன் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பெஞ்சுக்கு ஒன்று போதும். பெஞ்சுக்கு மூன்று பேர் என்றால் உங்கள் வகுப்புக்கு 20 போன். போன் இல்லாத பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மேசூர் 1991-ல் இந்த வழியைத் தொடங்கியபோது மாணவர் கையில் செல்போன் ஏது? கேள்வி கேள், வாக்கு வாங்கு, பக்கத்தில் இருப்பவனோடு வாதாட விடு, மறுபடி வாக்கு வாங்கு. அவ்வளவுதான் முறை. பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் கிளிக்கர் கருவியும் செல்போனும் வாக்கை எண்ணித் தருகிற வேலைக்குத்தான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆனித் தெப்பத்துக்கு உங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைப் பார்க்காத பிள்ளை இருக்காது. தெப்பத்தின் மேல் 100 கிலோ கருங்கல் ஒன்று இருக்கிறது. அதைக் குளத்தில் தள்ளிவிட்டால் நீர்மட்டம் உயருமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும். வாய் திறக்காத பிள்ளையும் விரல் காட்டும். முதல் வாக்கு இதுதான், போனே வேண்டாம்.

சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் விடையைச் சொல்லாதீர்கள். யார் பக்கம் கூட்டம் அதிகம் என்றும் சொல்லாதீர்கள், சொன்னால் அத்தனை பேரும் அங்கே சாய்ந்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் பெஞ்சுக்குள் அடித்துக்கொள்ளட்டும், சத்தம் வந்தால் வரட்டும். அப்புறம் பெஞ்சுக்கு ஒரு போனில் ஒரே விடை. மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் அழுத்த வேண்டும். விடை ‘இறங்கும்’. தெப்பத்தில் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமாக 100 லிட்டர் நீரை விலக்குகிறது. மூழ்கிய பிறகு தன் கன அளவை மட்டுமே விலக்கும். அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்கு என்று வைத்தால் 40 லிட்டர். இதை நீங்கள் விளக்குவதற்கு முன்பே ஏதாவது ஒரு பெஞ்சில் யாராவது விளக்கியிருப்பார்கள்.

செயலி எது என்று குழம்ப வேண்டாம். கூகுள் ஃபார்ம் போதும், மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். கஹூட் என்ற வினாடி வினா செயலியில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. துள்ளலாக இருக்கும், ஆனால் யோசிக்கிற பிள்ளை அதில் தோற்கும். கல்லூரி போனை அடியோடு மறுத்தால் பிளிக்கர்ஸ் இருக்கிறது. அச்சிட்ட அட்டையை மாணவர் திருப்பிப் பிடிக்கும் பக்கத்தை வைத்து உங்கள் ஒரு போன் விடையைப் படித்துக்கொள்ளும். டேட்டா தீர்ந்தவர்களுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டைக் கொடுக்கலாம். ஆனால் ஒரே போனில் பெரும்பாலும் 20 பேர் தொங்க முடியாது, சில பேருக்குத்தான் தாங்கும்.

நான் பட்ட ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் முதல்முறை இதைச் செய்தபோது, ‘மனதில் தோன்றும் ஒரு சொல்லை எழுதுங்கள்’ என்று திரையில் போட்டேன். அதிகம் பேர் எழுதும் சொல் திரையில் பெரிதாகிக்கொண்டே போகும். பெயர் தெரியாது என்றதும் பையன்களுக்குக் குஷி. ஒரு நடிகரின் பட்டப்பெயர் சுவர் அளவுக்கு விரிந்து நின்ற நேரம் பார்த்து முதல்வர் வராந்தாவில் வந்தார். அன்றிலிருந்து, விடைகளை நானே கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி மட்டும்தான். இன்னொன்று, இந்த வாக்கை வருகைப் பதிவோடோ இன்டர்னல் மதிப்பெண்ணோடோ கோக்காதீர்கள். கோத்தால் வராத நண்பனுக்கும் சேர்த்து இங்கிருந்தே அழுத்துவார்கள்.

அனுமதியை வாய்ப்பேச்சில் வாங்க வேண்டாம். எந்த வகுப்பு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், மற்ற நேரம் போன் பையில் இருக்கும் என்று அரைப் பக்கம் எழுதி, துறைத்தலைவர் வழியாகவே முதல்வருக்கு அனுப்புங்கள். அவரைத் தாண்டிப் போனால் ‘வேண்டாத வேலை’ வேண்டாத வம்பாகிவிடும். முதல் நாள் அவரையும் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, அந்தத் தெப்பக் கேள்வியையே போடுங்கள். அவர் எத்தனை விரல் காட்டினார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.