அம்மோனைட்டுச் சுருளை வரைவோர்க்கு: கேள்வி பதில்

அழைப்பிதழ், துணி, சுவரோவியம் போன்ற அலங்கார வேலைகளில் அம்மோனைட்டுப் புதைபடிவத்தின் உருவத்தைப் பயன்படுத்த விரும்பும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, புதைபடிவங்களை அளந்து வரையும் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன்.

அழைப்பிதழ் வடிவமைக்கும் ஒருவர்: இந்தச் சுருளை நத்தை ஓடு என்றே நினைத்திருந்தேன். உண்மையில் இது எந்த உயிரி?

நத்தையன்று, கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவான கடல் உயிரி. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இவ்வினம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவின் காலத்தில் முற்றிலும் மறைந்தது. நத்தை தன் ஓட்டின் உள்நுனி வரை உடலைச் செலுத்தி வாழ்கிறது. அம்மோனைட்டோ வளர வளரப் பின்னால் ஒவ்வொரு சுவராக எழுப்பி, பழைய அறைகளை மிதப்பதற்காக ஒதுக்கிவிட்டு, வாயருகே உள்ள கடைசி அறையில் மட்டும் குடியிருந்தது.

துணி அச்சுக்கூடம் நடத்தும் ஒருவர்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என எதிரெதிராக அமைப்பதற்குப் படத்தைத் திருப்பிப் போடலாமா?

பெரும்பாலான அம்மோனைட்டுகளைத் தாராளமாகத் திருப்பலாம். அவை ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்டவை. ஒரே ஓட்டை மறுபக்கம் புரட்டினாலே சுழற்சி எதிர்த்திசையில் தெரியும். சங்குக்கு இந்தச் சலுகை இல்லை. சாதாரண இடம்புரிச் சங்கின் படத்தைக் கணினியில் திருப்பினால், கடலில் தேடினாலும் எளிதில் அகப்படாத வலம்புரி உங்கள் துணியில் வந்து உட்கார்ந்துவிடும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் போன்ற மேதைக்கே இது நேர்ந்தது: 1650இல் அவர் செப்புத் தகட்டில் கண்டபடியே செதுக்கிய கூம்புச் சங்கு, தாளில் அச்சானபோது இயற்கைக்கு எதிர்த்திசையில் சுழன்றது, கையெழுத்தை மட்டும் அவர் மறவாமல் திருப்பிச் செதுக்கியிருந்தார். அம்மோனைட்டுகளிலும் டர்ரிலைட்டிஸ் போலக் கோபுரமாகச் சுருண்டவை உண்டு, அவற்றைத் திருப்பாதீர்கள்.

ஓவிய மாணவி ஒருவர்: சில படங்களில் ஓட்டின் மீது இலை போன்ற நுண்ணிய கோடுகள் உள்ளன; சிலவற்றில் தடித்த வரிகள் மட்டுமே உள்ளன. எது சரி?

இரண்டும் சரியே. தடித்த வரிகள் மேலோட்டின் புடைப்புகள்; நுண்ணிய கோடுகள் உள்ளிருக்கும் சுவர்களின் சுவடுகள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவதில்தான் தவறு நேர எளிதில் இடமுண்டு. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவரின் விளிம்பு, சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக நெளிந்து ஓட்டின் உட்புறத்தைத் தொடுகிறது. இலை போல் தெரியும் அந்தத் தொடுகோட்டைத்தான் தையல் கோடு என்கிறோம். இனத்துக்கு இனம் இதன் வடிவம் மாறுவதால், புதைபடிவத்தை இனங்காண இது பெரிதும் உதவுகிறது. ஆனால் மேலோடு உதிர்ந்து, உள்ளே நிரம்பி இறுகிய கல்வார்ப்பு வெளிப்பட்ட இடங்களில் மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும். மேலோடு முழுமையாக உள்ள பகுதியில் அதை வரைவது, சுவரின் வெள்ளைப் பூச்சுக்கு மேலே உள்ளிருக்கும் செங்கல்லை வரைவதற்கு ஒப்பாகும். மேலும், உயிரி குடியிருந்த கடைசி அறையில் குறுக்குச் சுவர்களே இல்லையாதலால், வாய்ப்பக்கத்துப் பாதிச் சுற்றோ ஒரு முழுச் சுற்றோ தையல் கோடு இன்றி வெறுமையாக இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட ஓவியருக்குக் கை துறுதுறுக்கும் என்பதை அறிவேன். நிரப்பாமல் விட்ட படமே எனக்கு அழகாகத் தெரிகிறது.

ஒரு கட்டிடக் கலைஞர்: பொன் விகிதச் சுருளை வரைந்தால் அம்மோனைட்டு கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்காது. பொன் விகிதச் சுருளின் ஆரம் ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 6.85 மடங்காகப் பெருகும். கணவாய்க்கு உறவாய் இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸ் என்னும் உயிரியின் ஓட்டிலோ அது ஏறத்தாழ 3 மடங்குதான். கயிற்றைச் சுற்றி வைத்தாற்போன்ற டாக்டிலியோசெராஸ் என்னும் அம்மோனைட்டு அதிலும் மெதுவாக விரிகிறது.

பூசையறைச் சுவருக்கு ஓவியம் தீட்டும் ஒருவர்: சாளக்கிராமத்தில் உள்ள சக்கரமும் இதுவும் ஒன்றா?

பல கற்களில் ஒன்றே. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் நேபாளத்தில் உள்ளது. அங்குள்ள காளிகண்டகி ஆறு இமயத்தின் கரிய களிப்பாறையிலிருந்து அரித்துக் கொணரும் உருண்டைக் கற்களுக்குள், அம்மோனைட்டு ஓட்டின் அச்சு பதிந்திருக்கிறது. ஆகவே சக்கரத்தின் ஆரங்களை அளவெடுத்தாற்போல் சம இடைவெளியில் வரையாமல், மையத்தில் நெருக்கமாகவும் வெளியே அகன்றும் வரைந்தால் கல்லுக்கு உண்மையாக இருக்கும்.

நூல் பதிப்பாளர் ஒருவர்: உரிமைச் சிக்கல் இல்லாத பழைய படங்கள் உண்டா?

உண்டு. 1919இல் மறைந்த ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1899 முதல் 1904 வரை வெளியிட்ட இயற்கைக் கலை வடிவங்களின் தொகுதியில் 44ஆம் படம் முழுவதும் அம்மோனைட்டுகளே. அலங்கார நோக்கில் அது ஒப்பற்றது என்றாலும், சமச்சீருக்காக அவர் உருவங்களை அடுக்கிய விதம் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. அதைவிட, 1874இல் லடாக்கில் உயிர்நீத்த புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1860களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக வெளியிட்ட தென்னிந்தியக் கிரெட்டேசிய (டைனோசர்களின் இறுதிக் காலத்துப்) புதைபடிவப் படங்களையே பரிந்துரைப்பேன். ஊட்டத்தூர், அரியலூர்ப் பகுதிப் பாறைகளில் கிடைத்த ஓடுகள், உடைந்தவை உடைந்தபடியே அவற்றில் வரையப்பட்டுள்ளன.

மரச்சிற்பி ஒருவர்: பாம்புத் தலையுடன் கூடிய அம்மோனைட்டைப் படத்தில் பார்த்தேன். அது போலியா?

தலை மட்டும் மனிதர் செதுக்கியது. இங்கிலாந்தின் விட்பி நகரில், ஏழாம் நூற்றாண்டுத் துறவி ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்ற கதைக்குப் பொருந்துமாறு அங்குள்ள கைவினைஞர்கள் தலை செதுக்கி விற்றனர். அந்நகரச் சின்னத்திலும் இப்படி மூன்று கற்கள் உண்டு. அறிவியலாரும் ஓர் அம்மோனைட்டுப் பேரினத்துக்கு ஹில்டோசெராஸ் என்று அவர் பெயரையே சூட்டினர். நீங்களும் தலை செதுக்கலாம். எந்த முனையில் என்பதைக் கவனியுங்கள். விட்பிக்காரர்கள் சுருளின் அகன்ற வெளிமுனையில், அதாவது உயிரியின் தலை இருந்த வாய்ப்பக்கத்திலேயே செதுக்கினார்கள்.

துணி அச்சுக்கூடத்தார் மீண்டும்: கனடா நாட்டு அம்மோனைட்டின் சிவப்பையும் பச்சையையும் துணியில் கொண்டுவர முடியவில்லையே?

ஆல்பர்ட்டா மாநிலத்து அம்மோனைட்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் அம்மோலைட்டு என்னும் மணிக்கல்லின் நிறம் சாயத்தால் வந்ததன்று. ஓட்டில் உள்ள அரகோனைட்டு என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் மெல்லிய தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது எழும் நிறம் அது. கல்லைச் சாய்த்தால் நிறமும் மாறும். ஒற்றைச் சாயத்தால் அதை எட்ட இயலாது. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடும் மயில்கழுத்துப் பட்டில், சுருளின் வரிகளை மட்டும் கறுப்பில் அச்சிட்டுப் பாருங்கள்.