அடித்து இறக்கும் வாட்டர் பைப்பில் கசிவு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எஞ்சின் பிளாக்கிலும் வாட்டர் பம்ப்பிலும் மரையே இல்லாமல் இறுக்கமாக அடித்து இறக்கியிருக்கும் கூலண்ட் பைப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, ஹீட்டர் ஹோஸைக் கழற்றும்போது பம்ப்பில் இருந்த பைப்பும் கையோடு வந்துவிட்டது. சிலிக்கான் தடவி அடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. இறுக்கமான பொருத்தத்தில் சிலிக்கான் நிற்க இடமே இருக்காது. பைப் இறங்க இறங்க வழித்துக்கொண்டு வந்துவிடும். உள்பக்கம் விழுந்த துணுக்கு ரேடியேட்டரில் போய் அடைக்கும். இதற்கென்றே ரிட்டெய்னிங் காம்பவுண்ட் இருக்கிறது, அதாவது ஒன்றுக்குள் ஒன்று இறக்கிய உலோகப் பாகங்களைப் பிடித்துவைக்கும் ஒட்டு. லாக்டைட் என்ற பிராண்டில் 638 ஏறக்குறைய 180 டிகிரி வரையும், 620 ஏறக்குறைய 230 டிகிரி வரையும் தாங்கும். காற்றுப் படாமல் இரண்டு உலோகத்துக்கு நடுவே இருந்தால்தான் இது இறுகும். உள்ளே வழிந்த மிச்சம் திரவமாகவே இருப்பதால், கழுவினால் போய்விடும். போல்ட்டுக்குப் போடும் நீல நிற லாக்டைட் வேறு, இது வேறு. கடையில் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு சொட்டு இல்லை. சூடானதும் பைப் அடியில் கசிகிறது. அலுமினிய ஹவுசிங், இரும்பு பைப். ஏன் சார்?

அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது. 25 மில்லிமீட்டர் பைப் என்றால், 80 டிகிரி சூடு ஏறும்போது துளை பைப்பைவிட 0.02 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாகப் பெரிதாகிவிடும். இந்த மாதிரிப் பொருத்தத்தில் மொத்தப் பிடிப்பே, அதாவது பைப் துளையைவிடப் பெரிதாக இருக்கும் அளவே, 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே அரித்துத் தேய்ந்த துளையில் அதுவும் போய்விட்டால் என்ன மிஞ்சும்? வார்ப்பிரும்பு பிளாக்கில் இந்தத் தொல்லை குறைவு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரியும். ஆனால் வருடக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் பைப்பே உள்ளிருந்து இற்றுப்போயிருக்கும். அதை ஒட்டிப் பயனில்லை, புதுப் பைப் போடுங்கள்.

கேள்வி: பழைய பைப்பை எடுத்துப் புதிதாக இறக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் அண்ணே.

எடுப்பதற்கு முன் பைப் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வளைந்த பைப் என்றால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஹவுசிங்கில் ஒரு கோடு போடுங்கள். பைப்புக்குள் சரியாக நுழையும் ஒரு கம்பியைச் செருகிவிட்டு வைஸ் கிரிப்பால் பிடியுங்கள், இல்லையென்றால் நசுங்கி உடையும். நேராக இழுக்காமல் இடம் வலமாகத் திருகித் திருகி எடுங்கள். பழைய ஒட்டு விடவில்லை என்றால் ஹவுசிங்கைக் கழற்றித் தனியே வைத்துச் சூடு காட்டுங்கள்.

அப்புறம் சுத்தம். முக்கால் வேலை இதுதான். துளைக்குள் கிரீஸ் தடவிய துணியை அடைத்துவிட்டு, பழைய ஒட்டையும் அரிப்பால் வந்த வெள்ளைப் படிவையும் நைசான எமரியால் எடுங்கள். விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், குழி தட்டக் கூடாது. கடைசியாக அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும். அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ் பைப்பிலும் காம்பவுண்ட் மெதுவாகத்தான் பிடிக்கும். அங்கே ஒட்டைச் சீக்கிரம் இறுகவைக்கும் ஆக்டிவேட்டர் அடித்துக் காயவிடுங்கள்.

காம்பவுண்டைத் துளையின் வாயிலும் பைப்பின் நுனியிலும் முழு வளையமாகத் தடவுங்கள். நேராக வைத்து, பைப்பின் தோளில் அமரும் ட்ரிஃப்ட் (சுத்தியலுக்கும் பைப்புக்கும் நடுவே வைக்கும் அடிகட்டை) கொண்டு ஒரே மூச்சில் இறக்குங்கள். வாயில் நேரடியாகச் சுத்தியல் படக் கூடாது. இறங்கியபின் திருப்பவும் கூடாது, பிடித்துக்கொண்டிருக்கும் ஒட்டு அறுந்துவிடும். முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெளியே எம்-சீல் பூசினால் நிற்குமா?

நிற்காது. உள்ளே ஆடுகிற பைப்பை வெளியே பூசிய பூச்சு எப்படிப் பிடிக்கும்?

கேள்வி: துளை லூஸாகிவிட்டது, பைப் கையால் ஆடுகிறது. பைப்பைச் சுற்றிப் பஞ்ச் குத்தி அடிக்கலாமா?

பலர் செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. குத்திய புள்ளிகள் மட்டும்தான் பிடிக்கும். இடையில் தண்ணீர் போக வழி அப்படியே இருக்கும். கால் மில்லிமீட்டர் இடைவெளி வரை 638 நிரப்பும். அதற்கு மேல் என்றால் லேத்தில் கொடுத்து, துளைக்குள் ஸ்லீவ் என்ற உலோக வளையம் போடுங்கள். ஹவுசிங் சுவர் தடிமனாக இருந்தால் மரை வெட்டி, மரை உள்ள குட்டைக் குழாயான நிப்பிளை முடுக்குவது இன்னும் நல்லது.

கேள்வி: கம்பெனிக்காரர்களே ஒட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்களா?

ஆமாம். போர்ஷே 911 டர்போவிலும் ஜிடி3-யிலும் வந்த மெட்ஸ்கர் எஞ்சினில் கூலண்ட் ஃபிட்டிங்குகளை ஒட்டித்தான் இறக்கினார்கள். வருடங்கள் போகப் போக ஒட்டு விட்டு, ரேஸ் டிராக்கில் பைப் பிடுங்கிக்கொண்டு கூலண்ட் மொத்தமும் கொட்டியது உண்டு. அதனால் அந்த வண்டிகளில் வெல்டு வைக்கிறார்கள், அல்லது பைப் நகராதபடி குறுக்கே ஒரு உலோகப் பின் (pin) போடுகிறார்கள். பெரிய பைப் என்றால் நீங்களும் இதை யோசிக்கலாம். 1 பார் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பைப்பைத் தள்ளும் விசை ஐந்து கிலோதான். பைப்பைப் பிடுங்குவது பெரும்பாலும் அதிர்வும், முறுக்கி மாட்டிய ஹோஸும்தான். ஹோஸ் தளர்வாக, தன் வளைவிலேயே உட்கார வேண்டும்.

கேள்வி: சரியாக நின்றதா என்று எப்படிச் சோதிப்பது?

ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் பம்ப் அடியுங்கள். கால் மணி நேரம் முள் இறங்கக் கூடாது. அப்புறம் எஞ்சினை ஃபேன் ஓடும் வரை சூடாக்கி, பைப்பின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறியபின், மூடியைத் திறப்பதற்கு முன் அதே இடத்தை வெள்ளை டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். பச்சையோ சிவப்போ ஒட்டினால் பைப்பைக் கழற்றி மறுபடி சுத்தத்திலிருந்து தொடங்குங்கள்.