நிரலில் சிக்கல்: உதவி கேட்பது எப்படி?

கேள்வி: பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்று வருகிறேன். இரண்டு பாடங்களின் மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டும் நிரலில் 40, 45 என்று உள்ளிட்டால், 85க்குப் பதிலாக 4045 என வருகிறது. ‘நிரல் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்’ என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து இணையத்தில் கேட்டேன். எவரும் பதில் தரவில்லை. எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: எங்களுக்கு எழுதியதையே அங்கும் எழுதியிருந்தால் விடை விரைவில் கிடைத்திருக்கும். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால், நிரல் தொடங்கவே இல்லையா, பிழைச்செய்தி காட்டி நடுவில் நின்றதா, முழுவதும் ஓடிய பின் தவறான விடை தந்ததா என்பது படிப்பவருக்குத் தெரியாது. எதை உள்ளிட்டீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், எது வந்தது என்ற மூன்றையும் நீங்கள் சொன்னதுமே கோளாறு பிடிபட்டுவிட்டது: பைத்தான் 3இல், உள்ளிடுவதை வாங்கும் ‘இன்புட்’ (input) தருவது எண் அன்று, எழுத்துச்சரம் (எழுத்துகளின் தொடர்), அதனால் கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. இரண்டையும் ‘இன்ட்’ (int) மூலம் எண்ணாக மாற்றிய பிறகு கூட்டுங்கள்.

பைத்தானின் பதிப்பு எண்ணையும் தவறாமல் குறிப்பிடுங்கள். 2020 ஜனவரி 1 முதல் ஆதரவு நிறுத்தப்பட்ட பைத்தான் 2இல், ‘இன்புட்’ உள்ளிட்டதை மதிப்பிட்டு எண்ணாகவே தருவதால், உங்கள் வரிகள் அங்கே 85 என்றே காட்டும். பதிப்பைச் சொல்லாத நிலையில், உங்கள் நிரலில் தவறே இல்லை என்று ஒருவர் பதில் எழுதினால் அவரைக் குறை கூற முடியாது.

உதவ வருபவர் உங்கள் பிழையைத் தம் கணினியிலேயே வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்பதால், நிரலைப் படமாக அன்றி எழுத்தாகவே ஒட்டுங்கள். பைத்தானில் வரித்தொடக்க இடைவெளிக்கும் பொருள் உண்டு, அது கலையாமல் இருக்கட்டும். நிரல் நீளமானதென்றால், பிழை தோன்றுவதற்குத் தேவையான சில வரிகளை மட்டும் தனிக்கோப்பில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இப்படிக் குறைக்கும்போதே காரணம் புலப்பட்டு, கேள்வியே தேவைப்படாமல் போவதும் அடிக்கடி நிகழ்கிறது. பிழைச்செய்தி வந்திருந்தால் அதை உங்கள் சொற்களில் சுருக்காமல் முழுமையாகத் தாருங்கள். பைத்தானில் பிழையின் வகை கடைசி வரியிலும், கோப்பும் வரி எண்ணும் அதற்கு மேலும் இருக்கும். கடவுச்சொல் ஏதேனும் நிரலுக்குள் இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

கல்லூரிப் பயிற்சிக்காகக் கேட்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்; அப்போது முழு நிரலை எழுதித் தராமல், எங்கே தவறினீர்கள் என்று விளக்குவார்கள். ‘அவசரம்’ என்ற சொல் வேண்டாம். சிக்கல் தீர்ந்ததும், எந்த மாற்றத்தால் தீர்ந்தது என்று அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். அதே 4045ஐக் கண்டு திகைக்கும் அடுத்த மாணவருக்கு அது உதவும்.