வெயிலில் எது மின்சாரமாகிறது?

கேள்வி: கூரையில் வைக்கும் சோலார் பேனல், வெயிலின் சூட்டைத்தான் மின்சாரமாக மாற்றுகிறதா? அப்படியானால் வெயில் கொளுத்தும் நாளில்தானே அதிக மின்சாரம் கிடைக்க வேண்டும்?

பதில்: இல்லை. சோலார் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. சூடு அதற்குப் பகை. 'வெயில்' என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டையும் சேர்த்துக் குறிப்பதாலும், தண்ணீரைச் சுடவைக்கும் சோலார் ஹீட்டரும் அதே கூரையில் இருப்பதாலும் இந்த ஐயம் எழுவது இயல்பே.

பேனலில் தெரியும் கருநீலக் கட்டம் ஒவ்வொன்றும் சிலிக்கானால் ஆன ஒரு சூரிய மின்கலம். சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்திருப்பதால், அந்த எலக்ட்ரான்கள் எளிதில் இடம்பெயர்வதில்லை. ஒளியோ ஃபோட்டான் எனப்படும் ஆற்றல் துணுக்குகளாக வந்து சேர்கிறது. சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) குறையாத ஆற்றலுடைய ஃபோட்டானைச் சிலிக்கான் உட்கொள்ளும்போது, ஓர் எலக்ட்ரான் பிணைப்பை விட்டு விடுபடுகிறது. அது விட்டுச்சென்ற காலியிடம் 'துளை' என்ற பெயரில், நேர்மின் துகளைப் போலவே நடந்துகொள்கிறது.

விடுபட்டால் மட்டும் போதாது. அப்படியே விட்டால் அந்த எலக்ட்ரான் திக்குத் தெரியாமல் அலைந்து மீண்டும் ஏதேனும் ஒரு துளையில் விழும். பெற்ற ஆற்றலும் வெப்பமாக வீணாகும். இதைத் தடுக்கும் ஏற்பாட்டையே இந்தக் கருவியின் மிக அழகிய பகுதியாக நான் கருதுகிறேன். கலத்தின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸும் மறுபக்கத்தில் போரானும் கலக்கப்படுவதால், முதலாவதில் எலக்ட்ரான்களும் இரண்டாவதில் துளைகளும் மிகுதியாக இருக்கின்றன. இவ்விரு அடுக்குகளும் சேரும் எல்லையில் எலக்ட்ரான்கள் சில அக்கரை சென்று துளைகளை நிரப்புவதால், அங்கே ஒரு மின்புலம் தானாகவே உருவாகி நிலைத்துவிடுகிறது. பின்னர் ஒளியால் விடுபடும் எலக்ட்ரானைப் பாஸ்பரஸ் பக்கமும் துளையைப் போரான் பக்கமுமாக அந்த மின்புலமே பிரித்து அனுப்புகிறது; பிரிந்தவை மறுபடி சேர வெளியே இணைத்த கம்பிதான் எளிய வழி என்பதால் எலக்ட்ரான்கள் அதன் வழியே ஓடுகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம்.

ஒரு கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்தான் என்பதால் பல கலங்களைத் தொடராக இணைக்கிறார்கள். கிடைக்கும் நேர் மின்னோட்டத்தை வீட்டுக்கு ஏற்ற மாறு மின்னோட்டமாக இன்வெர்ட்டர் மாற்றுகிறது.

வரும் ஒளி முழுவதும் மின்சாரமாவதில்லை. ஆற்றல் குறைந்த அகச்சிவப்புக் கதிர்கள் எலக்ட்ரானை விடுவிக்க இயலாமல் வீணாகின்றன. நீல ஒளியிலோ தேவைக்கு மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகிறது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் அறிமுகப்படுத்திய சிலிக்கான் கலம் ஒளியில் சுமார் 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்றைய பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பேனலில் குறிப்பிடப்படும் திறன், கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கலத்தின் மின்னழுத்தம் தளர்ந்து, திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. கடும் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம் என்பதால், பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பு நேரலாம். வானம் தெளிந்து, வெளிச்சம் பளிச்சென்றிருந்து, காற்று குளிர்ந்து வீசும் நாளே பேனலுக்கு உகந்தது. கூரையோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்று புகுந்து வெளியேற இடைவெளி விடச் சொல்வதும் இதற்காகவே.