ஆயில் சொல்லும் சேதி

கேள்வி: தனியார் ஜெட் எஞ்சின் ஆயிலை லேபுக்கு அனுப்புவார்களாமே, எதற்கு? (வாசகர், கோவை)

பதில்: ரத்தப் பரிசோதனை மாதிரிதான். நான் அதிகம் கைவைத்தது டிஎஃப்இ731 என்ற ஜெட் எஞ்சின். லியர்ஜெட் 35, ஃபால்கன் 10 ஆகிய சிறிய தனியார் ஜெட் விமானங்கள் இரண்டிலும் அதுதான். அதில் முன்பக்க ஃபேன் பல்சக்கரப் பெட்டி வழியாகச் சுற்றும். பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்தால் உலோகத் துகள் ஆயிலில் கலக்கும். பெரிய துகளைக் காந்த முனையுள்ள சிப் டிடெக்டர் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடியைக் காட்ட, ஆயிலில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் லேப் கருவியான ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் வேண்டும். இரும்பு ஏறினால் பேரிங், பல்சக்கரம் பக்கம் பார்ப்போம். ஒரே ஒரு அளவை வைத்து எஞ்சினைக் கழற்றிவிட மாட்டோம். சோதனைக்குச் சோதனை ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

எஞ்சினை நிறுத்தியதும் சூடு ஆறுமுன், புது ஆயில் ஊற்றாமல் மாதிரி எடுக்க வேண்டும். ஒருமுறை, மணலிலும் தூசியிலும் இருக்கும் சிலிக்கான் திடீரென எகிறியது. மணல் புகுந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தூக்கம் போச்சு. கடைசியில் பார்த்தால், எங்கள் பையன் பாட்டிலை மூடாமல் ஹேங்கர் தரையில் வைத்திருக்கிறான்! மறுபடி எடுத்து அனுப்பினோம், எல்லாம் சரியாக இருந்தது.