மருத்துவர் பதில்: நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். வயது 36. பைபோலார் என்னும் மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது நலம். முன்பு நோய் முற்றியபோது போட்ட ஊசியால் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். இனி அப்படி வந்தால் ஓசூரில் இருக்கும் அக்கா முடிவெடுக்க வேண்டும். எழுதிவைத்தால் செல்லுமா?

பதில்: செல்லும். இப்படி எழுதிவைப்பதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் (advance directive) என்று பெயர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு 18 வயது நிரம்பியவர்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், உங்களுக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதி யார் என்று எழுதலாம். முன்பு நோய் வந்திருப்பது தடையல்ல. முடிவெடுக்கும் திறன் உங்களிடம் இல்லாத நாட்களில் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். தெளிந்ததும் உங்கள் வாய்ச்சொல்தான் மேல்.

என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஊசியே வேண்டாம்" என்று எழுதாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, கழுத்தை இழுத்த மருந்தின் பெயரை எழுதுங்கள். ஹாலோபெரிடால் போன்றவற்றால் சிலருக்கு அப்படி ஆகும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. எந்த மருந்தில் சீக்கிரம் தேறினீர்கள், லித்தியம் எவ்வளவு, தூக்கம் குறைவதுதான் முதல் அறிகுறியா, யார் பேசினால் அமைதியாவீர்கள், எல்லாம் வரட்டும். உங்கள் மனநல மருத்துவரோடு உட்கார்ந்து எழுதுவது நல்லது. சிகிச்சை எதுவுமே வேண்டாம் என்று எழுதினால், உறவினரோ மருத்துவரோ இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்திடம் போய் அதை மாற்றக் கேட்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் தரும் அவசரச் சிகிச்சையையும் இந்த ஆவணத்தால் தடுக்க முடியாது.

அக்காவின் சம்மதக் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். வாரியத்தில் பதியக் கட்டணம் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். படிவத்துக்கு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நகலை அக்காவிடமும் உங்கள் மருத்துவரிடமும் கொடுங்கள். கைக்கு வராத ஆவணத்தைப் பின்பற்றாததற்கு மருத்துவரைச் சட்டம் பொறுப்பாக்காது.

அண்ணனிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போவது அவர்தான். அக்கா வந்து சேரும்வரை அந்தக் காகிதத்தை டாக்டரிடம் நீட்ட வேண்டியவரும் அவரே.